கெடா உத்தரவு கொடுக்கவில்லை

பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்வதை எந்தப் பெண்ணும் நம்பக் கூடாது. நான் நம்பினேன். நம்பியதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு வருஷம் கழித்து அதைச் சாமி முன்னால், மாமனார் மாமியார் முன்னால், முன்பின் தெரியாத பூசாரி முன்னால் சத்தம் போட்டுச் சொன்னேன். புகுந்த வீட்டில் என் மானம் கப்பலேறியது அன்றைக்குத்தான். இன்னும் கரைக்குத் திரும்பவில்லை.

நான் பிறந்தது மாயவரம். அப்பாவுக்கு மளிகைக் கடை. தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியிலிருந்து எங்கள் கடைக்குப் புளி வரும். புளி அனுப்பிக்கொண்டிருந்த வியாபாரியே ஒரு நாள் தன் மகனையும் அழைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்துவிட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, எங்கள் இருவரையும் கொல்லைப்பக்கம் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். (எங்கள் தெருவில் அதுவே பெரிய புரட்சி. பக்கத்து வீட்டு மாடியில் நாலு தலை தெரிந்தது.)

"உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"புளி இருக்குதுங்க" என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்து மனிதர் பதறிவிட்டார். "ஒகேனக்கல் பக்கந்தாங்க. மலை, காடு, ஏரி எல்லாம் தாண்டிப் போவணும். உங்க காவேரி அங்க மேலிருந்து குதிக்குது. பரிசல்ல அருவிக்கு அடியிலயே போவலாம். நானே பரிசல் தள்ளுவேங்க. கல்யாணமான மொத வாரமே கூட்டிட்டுப் போறேன்."

எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது காவிரிக்கு வயசாகிவிடும். வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். மீதி நாள் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓரமாகப் போகும். அது எங்கேயோ குதிக்கிறது, இடி மாதிரி சத்தம் போடுகிறது என்றதும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அப்போது இன்னொரு வரனும் கையில் இருந்தது. கும்பகோணம், தபாலாபீஸ் உத்தியோகம், சொந்த வீடு, ஒரே பையன். அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் மனசு. நான் பிடிவாதமாகப் பாப்பாரப்பட்டி என்றேன். "அந்தக் காட்டுல என்னடி இருக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "மலை இருக்கும்மா" என்று பதில் சொன்ன அறிவாளி நான்.

கல்யாணமான முதல் வாரம் வந்தது, போனது. பத்தாவது வாரமும் போனது. புதுப்பெண் தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்றார் மாமியார். அப்புறம் புளி சீசன். வீடு முழுக்கக் கொட்டை எடுக்கிற பெண்கள், எனக்கும் ஒரு சுத்தியல். அப்புறம் ஆற்றில் வெள்ளம் என்றார் என் வீட்டுக்காரர். வெள்ளம் வடிந்ததும் ஆற்றில் தண்ணீரே இல்லை என்றார். (ஒரே வாரத்தில்!) பக்கத்து வீட்டில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, தலையில் எண்ணெய் வழிய, வறுத்த மீன் வாசனையோடு வந்து இறங்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையலறையில் பாத்திரங்கள் தானாகவே சத்தம் போடும்.

இந்த நிலைமையில்தான் மாமனார் ஒரு பழைய அம்பாசிடர் கார் வாங்கினார். கார் வந்தால் மலைப்பாதையில் இருக்கிற முனியப்பனுக்குக் கெடா வெட்டுவதாக மாமியார் எப்போதோ வேண்டிக்கொண்டிருந்தார். ஒகேனக்கல்லுக்கு இறங்குகிற வழியில் பாதி தூரத்தில் இருக்கிறது கோயில். "காலையில கெடா வெட்டி, பூசையை முடிச்சிட்டு, அப்படியே பத்து நிமிசத்துல அருவிக்கு எறங்கிடலாம். சாப்பாடு திரும்பி வந்து பாத்துக்கலாம்" என்றார் மாமனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அருவியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காகத் தலைதீபாவளிக்கு வாங்கிய மஞ்சள் நைலக்ஸ் சேலையை மடிப்பு வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுப் படுத்தேன்.

காலையில் காரில் ஏறும்போதுதான் தெரிந்தது, கெடாவுக்கு டிக்கியில் இடமில்லை என்று. அங்கே அண்டா, விறகு, மசாலாக் கூடை, தண்ணீர்க் குடங்கள். என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், பக்கத்தில் மாமனார். பின்னால் மாமியார் ஒரு ஜன்னல், நாத்தனார் சரசு ஒரு ஜன்னல், நடுவில் நான். என் காலடியில் கெடா. காலடியில் என்பது பேச்சுக்கு. கறுப்புக் கெடா, நல்ல கொம்பு, முழுசாக வளர்ந்த ஆண். கிளம்பிய உடனே அது முன்னங்கால் இரண்டையும் என் மடியில் வைத்து எழுந்து நின்றுவிட்டது. வளர்ந்த கெடாவின் நாற்றம் எப்படிப்பட்டது என்று தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

மாயவரத்தில் கண்ட கனவில் இந்தப் பயணம் இப்படி இல்லை. ஊர் எல்லை தாண்டியதும் ஏரி வந்தது. நிறைய தண்ணீர், கரையில் பனைமரம், வெள்ளைக் கொக்குகள். எனக்குத் தெரிந்தது வலது கொம்புக்கும் இடது கொம்புக்கும் நடுவில் அகப்பட்ட அளவுதான். "ஏரி எப்படி?" என்று முன்னாலிருந்து ஆசையாகக் கேட்டார் என் வீட்டுக்காரர். "நல்லா இருக்குங்க" என்று நான் வாயைத் திறந்த நேரத்தில் கெடா என் தலையிலிருந்த கனகாம்பரத்தை எட்டிப் பிடித்து இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. சரசு சிரித்துச் சிரித்து இருமினாள். அடுத்த ஏரியை நான் பார்க்கவே இல்லை. சேலைத் தலைப்பை அதன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பென்னாகரம் தாண்டியதும் காடு. அதைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டேன். ரோடு வளைந்து வளைந்து இறங்க, இரண்டு பக்கமும் மூங்கிலும் புளியமரமும் மேலே வந்து கூடிக்கொண்டன. வெயில் காணாமல் போனது. குரங்குகள் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ஒரு திருப்பத்தில் தூரத்தில், கீழே, மலைகளுக்கு நடுவில் பளிச்சென்று ஒரு கோடு. காவிரி! எங்கள் ஊர்க் காவிரி! கெடாவையும் மறந்து நான் எழுந்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் எதையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பிடரியில் வேர்வை வழிந்தது. ரோட்டில் அவ்வளவு கவனம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

முனியப்பன் கோயிலில் இறங்கினோம். கெடா வெட்டுவதில் இந்தப் பக்கம் ஒரு முறை உண்டு. கெடாவுக்கு மாலை போட்டு, அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். துலுக்குவது என்று சொல்வார்கள். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும், ஒரு நிமிஷ வேலை என்றாள் சரசு. எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் கெடா சொம்பைப் பார்த்ததுமே துலுக்கியது.

எங்கள் கெடா மேல் பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். அது தண்ணீரைச் சகித்துக்கொண்டு நின்றது. இரண்டாவது சொம்புக்குக் கண்ணை மூடியது. மூன்றாவதற்குக் கழுத்து மாலையைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு குடம் தீர்ந்தது. இன்னொரு குடம் தீர்ந்தது. என் வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அதுவும் தீர்ந்தது. உதட்டோரத்தில் சாமந்திப்பூ ஒட்டியிருக்க, கெடா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

வெயில் உச்சிக்கு ஏறியது. காற்று திரும்பும்போதெல்லாம் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹோவென்று, விடாமல். "அதான் அருவி" என்றாள் சரசு. எனக்கு அழுகை முட்டியது. பத்து நிமிஷ தூரம்! நடுவில் ஓர் ஆடு!

"அத்தை, அருவிக்குப் போயிட்டு வந்து மறுபடி ஊத்திப் பார்க்கலாமே?" என்றேன் மெதுவாக.

"உத்தரவு ஆவாம வண்டிய எடுத்தா என்னாவறது? வாயக் கழுவு, கண்ணு" என்றார் மாமியார்.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "யாரோ மனசுல கொற வெச்சிருக்கீங்க. ஒருத்தருக்கொருத்தர் மறைக்காம சொல்லிடுங்க. சாமிக்கு அது புடிக்கலை" என்றார். கெடாவின் தலை அவருக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கு. அவருக்கும் பசிக்காதா?

"எங்க வூட்ல ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் மாமனார்.

"ஏன் இல்ல?" என்றார் மாமியார். அவ்வளவுதான், அணை திறந்தது. அவருடைய தம்பி வீட்டுக் காதுகுத்துக்கு மாமனார் வராமல் போனதில் ஆரம்பித்து, தாலிச்சரடு மாற்றித் தராதது, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சந்தைக்குப் போனது எனத் தாம்பத்தியம் முழுக்க வெளியே வந்தது. மாமனார் தலைகுனிந்து கேட்டுவிட்டு, "சரி, தப்புதான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதே இல்லை என்று மாமியார் முந்தானையில் மூக்கைச் சிந்தினார். பூசாரி தண்ணீர் ஊற்றினார். கெடா அசைபோட்டது.

அடுத்து சரசு. டைப்ரைட்டிங் பரீட்சையில் பாஸ் என்று சொன்னது பொய்யாம். வகுப்புக்குப் போகிற நேரத்தில் சிநேகிதி வீட்டில் தாயம் ஆடினாளாம். மாமியார் அவள் முதுகில் ஒன்று வைத்தார். தண்ணீர் ஊற்றினார்கள். ஊஹூம்.

அப்போது என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். ஓடைச் சேறு முழங்கால் வரைக்கும், கையில் குடம்.

"அப்பா... எனக்கு இன்னும் லைசென்ஸ் வரலீங்க. டெஸ்ட்ல பெயிலாயிட்டேன்."

காட்டில் குரங்குகள்கூடச் சத்தத்தை நிறுத்தின என்று நினைக்கிறேன்.

"டேய் சேகரு! லைசென்ஸ் வாங்கிட்டேன்னு ஊருக்கே மிட்டாய் குடுத்தியேடா!"

"நீங்கதான் மிட்டாய முன்னாடியே வாங்கி வெச்சிட்டீங்க..."

"இத்தன வளைவுலயும் எங்கள உக்கார வெச்சு ஓட்டிட்டு வந்தியா? பாவி! கீழ இன்னும் வளைவு இருக்குது. அருவியும் வேணாம் ஒண்ணும் வேணாம். இங்கிருந்து ஒரு அடி எறங்கக் கூடாது. திரும்பி மேல ஏறு, அவ்வளவுதான்!"

என் காதில் வேறு எதுவும் விழவில்லை. அருவியும் வேணாம்! பூசாரி மறுபடி தண்ணீர் ஊற்றினார். லைசென்ஸ் விஷயத்துக்கும்கூடக் கெடா துலுக்கவில்லை. இப்போது எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"புதுசா வந்தவ மனசுல என்னா இருக்குதோ" என்றார் மாமியார். "சொல்லிடு, கண்ணு. ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்களாம். அந்த வார்த்தையை நம்பியதுதான் என் வாழ்க்கையின் இரண்டாவது முட்டாள்தனம். தலையில் பூ இல்லை, சேலைத் தலைப்பு கிழிந்து தொங்குகிறது, உடம்பெல்லாம் கெடா நாற்றம், கீழே அருவி ஹோவென்கிறது. வருஷம் பூராவும் அடக்கி வைத்தது தொண்டை வழியாக ஒரே மூச்சில் வந்தது.

"என்ன குறையா? ஒரு வருஷமா புளிக்கொட்டை எடுத்துக்கிட்டு இருக்கேனே, அதுதான் குறை! இந்த அருவியைக் காட்டுறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தாரு? கும்பகோணத்துல தபாலாபீஸ் மாப்பிள்ளை கேட்டாங்க. சொந்த வீடு! நான்தான் வேணாம்னேன். இவரைப் பிடிச்சா கட்டிக்கிட்டேன்? இவர் மூஞ்சியைக்கூட அன்னைக்குச் சரியா பார்க்கலை. அந்த அருவிக்காகத்தான் கட்டிக்கிட்டேன்! அருவியைத்தான் கட்டிக்கிட்டேன்!"

கெடா துலுக்கியது.

சும்மா இல்லை. மூக்கு நுனியில் ஆரம்பித்து, காது, கழுத்து, முதுகு, வால் வரைக்கும் ஓர் உதறல். எல்லார் மேலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. "முனியப்பா!" என்று மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமியார் குலவை இட்டார். பூசாரி, "அதான் உண்மை! சாமி ஏத்துக்கிச்சு!" என்று கத்தினார். எல்லாரும் சந்தோஷத்தில் குதிக்க, என் வீட்டுக்காரர் மட்டும் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பூமி எங்கே பிளக்கிறது!

அப்புறம் நடந்தது வழக்கமாக நடப்பது. வெட்டி, சமைத்து, அங்கேயே சாப்பிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் இலையில் உட்கார்ந்ததும் தெரியாது, எழுந்ததும் தெரியாது. சரசு ஒருத்திதான் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினாள். "அண்ணி, அருவி எனக்கு என்ன முறை ஆவுது, அண்ணனா?" என்று காதில் கேட்டுவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் கிளம்பும்போது, லைசென்ஸ் இல்லாத கையை நம்பிக் காரில் ஏற மாட்டோம், காடு முடிகிற வரைக்கும் நடந்தே வருகிறோம் என்றார் மாமியார். மாமனார் வேப்பிலைக் கொத்தை ஆட்டி முன்னால் நடந்து, எதிரே வருகிற பஸ்களை நிறுத்தி வழி வாங்கினார். பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் நடக்கத்தான் போனேன். "உம்மேல அடிக்கிற நாத்தத்துக்கு நீ கார்லயே வா" என்று மாமியார் கதவைத் திறந்துவிட்டார். கல்யாணமாகி முதன்முதலாக நாங்கள் இரண்டு பேர் மட்டும், முன்சீட்டில். வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. அருவிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் குறைந்துகொண்டே போனது.

ஒரு வளைவு திரும்பியதும், "நெசமாவா?" என்றார்.

"கோவத்துல வாய்ல வந்துடுச்சுங்க."

"கெடா துலுக்கிடுச்சே."

"ஈ கடிச்சிருக்கும்."

"அத்தன நேரம் கடிக்காத ஈயா?"

அன்றைய தேதிக்கு நான் சொன்னது உண்மைதான், வேறென்ன சொல்ல? அழ ஆரம்பித்தேன். கெடா நாற்றத்தோடு அழுவது மிகவும் கேவலமான விஷயம். மூக்கை உறிஞ்சக்கூட முடியாது.

அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "எனக்குத் தண்ணின்னா பயம். பரிசல்ல நான் ஏறுனதே இல்ல."

"நானே தள்ளுவேன்னு சொன்னீங்களே?"

"புளி இருக்குதுன்னு சொன்னதும் நீ மூஞ்சியத் தூக்கிட்ட. எங்க வேணாம்னு சொல்லிடுவியோன்னு இருந்துது. வேற என்னத்தச் சொல்றது?"

அன்றைக்குத்தான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். புருவத்தில் மஞ்சள் தண்ணீர் காய்ந்து ஒட்டியிருந்தது. பயந்துபோன முகம். கும்பகோணம் அதோடு எனக்கு மறந்துபோயிற்று. (அவரிடம் அதை நான் சொல்லவில்லை. ஒரு நாளில் எத்தனை உண்மையைத்தான் தாங்குவார்கள்?)

அதிலிருந்து நான் அந்த வீட்டில் 'அருவிக்கு வாக்கப்பட்டவ'. விருந்தாளிகளிடம் மாமியார் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். நான் எதையாவது அடித்துப் பேசினால், "எங்க, ஒரு கெடாவக் கொண்டாங்க" என்பார்கள். என் குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒகேனக்கல் போய்விட்டு வந்து, "அப்பா உனக்கு வணக்கம் சொன்னாரும்மா" என்பார்கள். அப்பா என்பது அருவியைத்தான்.

நான் மட்டும் இன்னும் பார்க்கவில்லை. யார் கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரர் குறுக்கே விழுவார். "அவள அங்க கூட்டிட்டுப் போயிடாதீங்க. எதுக்காக வந்தாளோ அதப் பாத்துட்டா, அப்புறம் இங்க என்ன வேலைன்னு பொட்டியத் தூக்கிட்டு மாயவரம் போயிடுவா." எல்லாரும் சிரிப்பார்கள். நான் சண்டை போடுவேன். பஸ் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு வாசலிலிருந்தே பஸ் இருக்கிறது. கோபத்தில் இரண்டு தடவை ஏறி, பென்னாகரத்தில் இறங்கி, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

போன மாதம் பெரியவன் புதுக் கார் எடுத்தான். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, வாங்கிப் பார்த்தேன். "அம்மா, இன்னைக்குக் கெளம்பு. யாரு சொன்னாலும் கேக்காத. ஒரு மணி நேரத்துல உன் அருவி முன்னாடி நிறுத்தறேன்" என்றான். மருமகள் பையை எடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது அவருக்கு.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றேன். "ஆவணியில பார்த்துக்கலாம்."

"எந்த வருசத்து ஆவணி?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு காபி போட உள்ளே போனேன்.